மூக்கால் மலை காத்தவர்

"என் கண்ணைக் கட்டுங்க. ஒரு தடியை முன்னால உருட்டி விடுங்க. சரிவுல தானா வளந்த மரமா, தோட்டத்துல நட்டு வளத்த மரமான்னு ஒரே மூச்சுல சொல்றேன். தப்பாச் சொன்னா இந்த மூக்கை அறுத்துக் கப்பல்ல ஏத்திடுங்க!"

ஏற்றுமதி மரக் கிடங்கின் முத்திரைக்காரர் இப்படிச் சவால் விட்டது ஒரு தேநீர் இடைவேளையில். சுமைக்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டாதவர் கிடங்கு மேனேஜர் ஒருவர்தான். அவர் மனதுக்குள் தட்டிக்கொண்டார்.

அந்த மூக்குக்கு அவ்வளவு மரியாதை வந்ததற்குக் கொள்கைதான் காரணம். மரம் வாங்குகிற பணக்கார நாடுகள், தங்கள் காடுகளை வெட்டி முடித்த களைப்பு தீர்ந்ததும், அடுத்தவர் காடுகளைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தன. மலைச்சரிவில் தானாய் வளர்ந்த மரம் வேண்டாம், நட்டு வளர்த்ததுதான் வேண்டும் என்றன. அமைச்சகம் சும்மா இருக்குமா? நூற்று எண்பது பக்கத்தில் கொள்கை வகுத்தது. அதை அச்சடித்து, பைண்டு செய்து, வெளியிட்டு, விருந்து வைத்தது போக மிச்சமிருந்த நிதியில் ஒரு முத்திரைச் சுத்தியல் வாங்க முடிந்தது. மரத்தைச் சோதிக்கும் கருவி பின்னால் வரும் என்றார்கள். பதினோரு வருடமாகப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது. அதுவரைக்கும் மூக்கு. சரிவு மரத்தின் பிசினில் ஒரு காட்டம் இருக்கும், நட்ட மரத்தில் இருக்காது. பின்னிணைப்பில் இதற்குப் 'புலன்வழிச் சோதனை' என்று கம்பீரமான பெயரும் உண்டு.

முத்திரைக்காரர் தடியின் வெட்டுவாயில் மூக்கை வைப்பார். கண்ணை மூடுவார். தலையை ஒருமுறை ஆட்டுவார். சுத்தியல் இறங்கும், 'நட்டது' என்ற எழுத்து மரத்தில் பதியும். பார்க்கக் கோயில் பூசை போலிருக்கும். ஒரே ஒரு சின்னக் குறை: மூக்கு செத்து ஆறு வருடமாகியிருந்தது. பூச்சி அரிக்காமலிருக்கத் தடிகளில் அடிக்கிற மருந்து, பூச்சிகளை விட்டுவிட்டு அவர் மூக்கை அரித்துவிட்டது. வீட்டில் பால் தீய்ந்தபோது அடுப்பருகிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். "எந்நேரமும் ஆபீஸ் நினைப்புதான்" என்று மனைவி பெருமைப்பட்டுக்கொண்டார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சுத்தியலை வாங்கிக்கொள்வார்கள். சுத்தியல் போனால் யார் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்?

மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மனைவியின் தம்பி கிடங்குக்கு வந்து நின்றான். மலையடிவாரத்தில் வீடு.

"மாமா, எங்க வீட்டுக்கு மேல சரிவுல வெட்டறாங்க. பாதி போச்சு. மிச்சமும் போனா, மழைக்கு மொத்த மண்ணும் எங்க தலையிலதான்."

"பதறாதடா மச்சான். வெட்டின மரம் இங்கதானே வரணும்? என் மூக்கைத் தாண்டிக் கப்பல் ஏறிடுமா?"

"ஏறிடுச்சு மாமா. நேத்து வந்த வண்டிய நானே பாத்தேன். நீங்கதான் சுத்தியலால அடிச்சீங்க."

முத்திரைக்காரர் சிரித்தார். "மரத்துக்கு மரம் சாயல் இருக்கும்டா. உங்கக்காகூடத்தான் பக்கத்து வீட்டம்மா மாதிரி இருக்கா. மாத்திக் கூட்டிட்டு வந்தேனா நானு?"

மைத்துனன் சிரிக்கவில்லை. நேரே வாங்குகிற நாட்டுக்கே புகார் எழுதினான். ஆச்சரியம், பதினைந்தே நாளில் ஓர் ஆய்வாளர் அம்மாள் பளபளக்கும் பூட்ஸுடன் வந்து இறங்கினார். கிடங்கில் அன்று இரண்டு வண்டி மரம். ஒன்று ஒரு தோட்டக்காரர் பதினெட்டு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. இன்னொன்று சரிவில் வெட்டியது. காகிதப்படி இரண்டுமே தோட்டத்து மரம்.

"எது சரிவு மரமோ அது திரும்பிப் போகும். அந்த இடத்துல வெட்டும் இன்னைக்கே நிக்கும்" என்றார் அம்மாள். "ஆனா புகார் கொடுத்தவர் பேசக் கூடாது, கை காட்டக் கூடாது. விதி." சாட்சிக்குப் பாரபட்சம் உண்டு, மூக்குக்குக் கிடையாது என்பது அந்த விதியின் தத்துவம்.

மைத்துனன் பேசவில்லை. ஆனால் இடது பக்க வண்டியின் மேல் வைத்த கண்ணை எடுக்கவும் இல்லை. கண்ணுக்கு விதி போட யாருக்கும் தோன்றவில்லை. முத்திரைக்காரர் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் மலை பிழைத்திருக்கும். அவரோ சுற்றி நின்ற சுமைக்காரர்களைப் பார்த்தார்.

"கண்ணைக் கட்டுங்க" என்றார்.

மேனேஜரே துண்டெடுத்துக் கட்டிவிட்டார், பெற்ற தாய் போல.

இடது தடியை முகர்ந்தார். ஒன்றுமில்லை. வலது தடியை முகர்ந்தார். அங்கேயும் அதே ஒன்றுமில்லைதான். 'தெரியலை' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுமைக்காரர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது காதில் விழுந்ததும் அந்தச் சொல் திரும்பிப் போய்விட்டது.

"வலது பக்கம். சரிவு மரம். அம்மாடி, என்ன காட்டம்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. தோட்டக்காரர் தன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆய்வாளர் அம்மாள் 'வியக்கத்தக்க உள்ளூர் அறிவு' என்று எழுதி, கிடங்கின் அனுமதியை ஐந்து வருடத்துக்கு நீட்டிவிட்டுப் போனார்.

"இடது பக்கம் மாமா" என்றான் மைத்துனன்.

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"பேசக் கூடாதுன்னாங்களே."

மிச்சச் சரிவு மூன்றே வாரத்தில் முடிந்தது. இடது வண்டி மரம் 'நட்டது' ஆகிவிட்டதால், அது வந்த சரிவும் காகிதத்தில் தோட்டமாகிவிட்டது. இந்த முறை திருட்டுத்தனம் இல்லை, பட்டப்பகலில், ரசீதோடு.

மழை சொன்ன தேதிக்கு வந்தது. ஒரு மத்தியானம் மலை இறங்கி வந்து மைத்துனன் வீட்டின் மேல் உட்கார்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அவர்கள் அம்மா வேலையில். மைத்துனன் வீட்டில் இருந்தானா, வெளியே போயிருந்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் மழை விடவில்லை. நாலாம் நாள் வெயில் அடித்தது. தோண்ட ஆள் வந்தார்கள். முத்திரைக்காரரும் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சேற்று மேட்டில் நின்றவர்கள் எல்லாரும் துணியால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். முத்திரைக்காரர் மேட்டின் நடுவில் ஏறி நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார்.

"அழாத. அவன் இங்க இல்ல" என்றார் மனைவியிடம். "எங்கயாவது ஒதுங்கியிருப்பான். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவான் பாரு."

மனைவி மூக்கிலிருந்து துணியை எடுக்காமலே அவரைப் பார்த்தார். தோண்டுகிறவர்களில் ஒருவர் மெதுவாக முத்திரைக்காரரின் தோளைத் தொட்டு, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் நின்ற இடத்தில்தான் தோண்ட வேண்டியிருந்தது.