வீட்டு இலக்கம் 12/3

எந்த நாளில் எது நடந்தது என்று டயரியில் குறித்து வைப்பது என் பழைய பழக்கம். மழை, பேருந்துக் கட்டணம், வாசித்து முடித்த புத்தகம் எல்லாம் அதில் இருக்கும். பொறாமையை நான் அதில் எழுதியதில்லை. ஆனாலும் அது தொடங்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை.

நான் வேலை செய்யும் கம்பனி வீடுகளுக்குக் குடிநீர்ப் போத்தல் கொடுக்கிறது. வாடிக்கையாளர்களின் வீடுகளைக் கணினி வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்ட வேண்டும், புள்ளியைத் தொட்டால் அங்கே எத்தனை போத்தல் போகிறது என்று தெரிய வேண்டும் என்றார் முகாமையாளர். அந்தச் செவ்வாய்க்கு முந்திய நாள், திங்கட்கிழமை, முகவரிப் பட்டியலைத் திறந்து இரண்டாகப் பிரித்தவன் நான்தான். வெள்ளவத்தையை எனக்கு வைத்துக்கொண்டேன். கொட்டாஞ்சேனையை என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு அனுப்பினேன். மலையகத்து ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்தவள். சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு படங்களையும் பெரிய திரையில் பார்ப்பார்கள். யாருடையது நல்லதோ அவருக்கு முழுக் கொழும்பும் கிடைக்கும். பதினெட்டு வருடமாக அந்த முகவரிகளோடு இருந்தவன் நான். எனக்குத்தான் வரும் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

என் வேலை துப்புரவாக இருந்தது. ஒரே சந்தின், ஒரே ஒழுங்கையின் பெயரை ஏழு விதமாக எழுதியிருந்தார்கள், ஏழையும் ஒன்றாக்கினேன். மென்பொருள் முகவரியை வாசித்துத் தானாகவே புள்ளி வைத்தது. அவள் அப்படிச் செய்யவில்லை. கொட்டாஞ்சேனை லொறிச் சாரதிகளோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். அவர்கள் ஒவ்வொரு வீட்டு வாசல் கேற்றடியிலும் நின்று கைபேசியில் இடத்தைக் குறித்து அவளுக்கு அனுப்பினார்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு சாரதியும் எனக்கு எதுவும் அனுப்பியதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர்களில் ஒருவர் அவளுக்கு மீன் வைத்த மாலு பாண் வாங்கி வந்து கொடுத்தார். எனக்கு எரிந்தது.

புதன்கிழமை தண்ணீர் குடிக்கப் போகும்போது அவளுடைய திரையைப் பார்த்தேன். வீட்டு இலக்க நிரலில் வரிசையாகத் திகதிகள் நின்றன. மார்ச் பன்னிரண்டு, நவம்பர் ஐந்து, ஜூலை எட்டு. உடனே விளங்கிவிட்டது. கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் வீட்டுக்குப் பின்னால் வீடு. 12/3, 5/11 என்றுதான் இலக்கம். கணினி அதைத் திகதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிட்டது. சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு என் கதிரைக்குத் திரும்பினேன். அன்றைய டயரியில் மழை என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

வியாழன் பின்னேரம் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்த வீட்டு நம்பர் வரிசைய ஒருக்கா பாக்கணும். கொஞ்சம் நேரம் இருக்கா?"

தன்னுடைய பிழையைத் திருத்த என்னிடம் உதவி கேட்கிறாள் என்று எண்ணினேன்.

"இல்லை தங்கச்சி, எனக்கு என்ர வேலை கிடக்கு."

அவள் "சரிண்ணே" என்று போய்விட்டாள். நான் வீட்டுக்குப் போகும்போது அவளுடைய படம் கண்ணில் பட்டது. எறும்பு மொய்த்த மாதிரிப் புள்ளிகள். என்னுடையதில் ஒழுங்கைக்கு ஒன்றிரண்டு புள்ளிகள்தான், பார்க்க அழகாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முகாமையாளர் முதலில் கொட்டாஞ்சேனையைத் திறந்தார். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு புள்ளியைத் தொட்டார். சரியான வீடு, சரியான போத்தல் கணக்கு. இன்னும் நாலைந்தைத் தொட்டார். எல்லாம் சரி. அவளுடைய புள்ளிகள் கேற்றடியிலிருந்து வந்தவை; அவற்றுக்கு வீட்டு இலக்கமே தேவைப்படவில்லை.

பிறகு வெள்ளவத்தை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெள்ளவத்தையில் நமக்கு இவ்வளவு பேர்தானா என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு புள்ளியைத் தொட்டார். ஒன்றின்மேல் ஒன்றாக நாற்பது வீடுகள் அதற்குள் கிடந்தன. இலக்கம் விளங்காதபோது மென்பொருள் வீட்டை ஒழுங்கையின் நடுவில் வைத்துவிடும். என் வெள்ளவத்தை மாடி வீடுகளுக்கும் சாய்கோடு போட்ட இலக்கங்கள்தான். திங்கட்கிழமை பட்டியலைத் திறந்து சேமித்தபோதே இரண்டு பங்கிலும் அவை திகதியாகிவிட்டன. அவளுடையதைக் கண்ட நான் என்னுடையதைத் திறந்து பார்க்கவில்லை.

முழுக் கொழும்பும் அவளுக்குப் போனது. முகாமையாளர் என்னை ஏசவில்லை. இனி முகவரிகளைச் சரிபார்த்து அவளிடம் கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

எல்லோரும் போனபின் அவள் வந்தாள்.

"நேத்து அதச் சொல்லத்தாண்ணே வந்தேன். ஒங்க ஷீட்லயும் அப்படி இருக்குமோன்னு. ஒங்களுக்கு நேரமில்லன்னீங்க."

நான் கணினியை அணைத்தேன்.

"புதன்கெழம என் ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு நின்னீங்களேண்ணே. அப்ப கவனிக்கலயா?"

அவள் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்தக் குரல்மீதுகூட எனக்குப் பொறாமை வந்தது.

"இல்லை," என்றேன்.

திங்கட்கிழமை முதல் முழுக் கொழும்பின் வீட்டு இலக்கங்களையும் நான் அவளுக்காகச் சரிபார்க்கிறேன். பட்டியலைத் திறக்கும்போதே அந்த நிரலை எழுத்து என்று குறித்துவிடுகிறேன், ஒன்றும் மாறுவதில்லை. அவள் ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறாள். அந்த வெள்ளிக்கிழமைக்கான பக்கத்தில், பின்னேரம் நாலேகாலுக்குக் கூட்டம் முடிந்தது என்று இருக்கிறது. அதற்குப் பிறகு நான் சொன்ன "இல்லை" அதில் இல்லை.