ரோதை போன இடம்

"பங்குனி, கடைசி ஞாயிறு. காலையில் பனி, பிறகு வெயில். ரோதையைக் கழற்றி முன்மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள்." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அக்கா பக்கத்தில் நின்று கும்பிட்டதை நான் எழுதவில்லை.

அந்த வாரம் தென்னமெரிக்காவின் மலை மாகாணம் ஒன்றைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். புவியியல், பொருளாதாரம், சுற்றுலா என்று மூன்று பகுதிகள். செங்குத்துச் சரிவுகள், சரிவெல்லாம் ஒரே பயிர், அந்தப் பயிரின் விலை விழுந்தபின் அருவி பார்க்க வருகிறவர்கள். இடப்பெயர்களை மாற்றினால் இலங்கை மலையகத்தில் ராகலைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலை மூடிப் பல வருடங்களாகின்றன. கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அதைச் சுற்றுலா விடுதியாக்கினார்கள். இயந்திரங்களை ஓட்டிய பெரிய இரும்புச் சக்கரம்தான் ரோதை. அதற்குக் காவல் ரோதமுனி: சக்கரக் குழியோரம் மூன்று கல், ஒரு சூலம். வருடத்துக்கொரு முறை சேவல், சுருட்டு, சாராயம் வைத்துப் படைப்போம். அக்காவின் கணவரான அத்தான் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை செய்து, ஒரு விரலுக்கும் சேதமில்லாமல் ஓய்வு பெற்றார். அது முனியின் காவல் என்று அக்கா நம்பினாள். அவர் இறந்த பிறகும், தொழிற்சாலை மூடிய பிறகும், படையலை விடாமல் நடத்தியவள் அவள்தான்.

விடுதி மேலாளர் தமிழ் தெரிந்த சிங்கள இளைஞர். குழியை மூடி, பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடை கட்டப்போவதாகச் சொல்லி, லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் சம்மதத்தைக் கேட்டார். கூடிப் பேசினோம். முனி இடத்தோடு இருப்பாரா, ரோதையோடு போவாரா? ரோதை எங்கேயோ முனி அங்கே என்று முடிவானது. சூலத்தையும் கற்களையும் ரோதையோடு சேர்த்து விடுதியின் முன்மண்டபத்தில் வைக்க மேலாளர் ஒப்புக்கொண்டார்.

"அக்கா, முனிக்கு இனிமே என்ன கொற? சாராயம் அங்கதான் வெதவெதமா இருக்கு," என்றார் பக்கத்து லயத்துக்காரர். அக்காவும் சிரித்துவிட்டாள்.

அடுத்த படையலுக்குச் சேவலோடு போனோம். வாசலில் காவலர் மறித்தார். மேலாளர் வந்து வருத்தம் தெரிவித்தார். உயிர்ப்பலியும் புகையும் உள்ளே கூடாதாம். ஆனால் சனிக்கிழமைதோறும் மாலைத் தேநீர் வேளையில் தப்பு மேளத்தோடு வந்து பூசை செய்து காட்டினால் விருந்தினர் விரும்புவார்களாம்.

அக்கா கோபப்படவில்லை. "தம்பி, நீங்க நல்ல பிள்ளதான். ஆனா நாங்க சாமிக்குத்தாங்க படைக்கிறோம், பாக்க வர்றவங்களுக்கு இல்ல," என்றாள். சேவலை இடுப்பில் அணைத்தபடி இறங்கினாள். பாதி வழியில் என்னிடம் சொன்னாள்: "யாரும் அவர தூக்கிட்டுப் போகல. நாமதான் போங்கன்னு சொல்லிட்டோம்."

மண்டபத்தில் படையல் நடக்கவே இல்லை. அங்குள்ள சூலத்தில் துருவே இல்லை என்று, விடுதியில் அறை துடைக்கும் பெண் பிறகு சொன்னாள். பழைய சூலம் மேடைக்கு அடியிலேயே மூடப்பட்டிருக்கும் என்று அக்கா எண்ணுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் மேடைக்குக் கீழுள்ள தேயிலைச் சரிவில் கற்பூரம் ஏற்றுகிறாள். பழையதையே தேய்த்து மெருகேற்றினார்களா, புதிதாக ஒன்று செய்தார்களா என்று மேலாளரிடம் கேட்டேன். மேடை கட்டிய கொத்தனார்களுக்குத்தான் தெரியும் என்றார். அவர்கள் வலப்பனைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். எந்தச் சூலம் எங்கே இருக்கிறது என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.