கோதண்டராமன் அழுத ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து திருவண்ணாமலையில் செத்துப்போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. உயிரோடு இருந்தபோது எப்படி நடந்துகொண்டிருந்தாலும் சரி, கடைசியில் கோதண்டராமன் வந்து நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்ட குடும்பம் அவருடையது. படித்து, ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, டவுனில் குடியேறியவர். பேச்சாளராக வேண்டும் என்றெல்லாம் அவருக்கு எண்ணம் இருந்ததில்லை. ஒரு அரிசி மண்டிக்காரர் இறந்தபோது, இரங்கல் கூட்டத்துக்கு வரவேண்டிய பேச்சாளர் வேலூரில் பஸ்ஸைத் தவறவிட்டார். பட்டம் வாங்கியவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கோதண்டராமனைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். "அன்னாரது மறைவு ஈடு செய்ய இயலாத இழப்பு" என்று ஆரம்பித்தார். அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம். 'இழப்பு' என்ற இடத்தில் தொண்டை கம்மிவிட்டது. ஊர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு தேம்பியது. அதற்குப் பிறகு ஜலதோஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் அவர் தொண்டை தவறாமல் கம்மிக்கொண்டது.

பஸ் முதலாளி, தலைமையாசிரியர், இரண்டு தேர்தலில் டெபாசிட் இழந்த வேட்பாளர் என்று எல்லோருக்கும் பேசினார். ஒரு மடத்து யானை இறந்தபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். பாகனையே தூக்கி வீசிய யானை அது. "பகை என்ற சொல்லையே அறியாத உள்ளம்" என்றார். காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்து எழுந்த பாகனே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

டெல்லியிலோ மெட்ராஸிலோ பெரிய தலைவர் யாராவது போனால் அவருக்கு வேலை இன்னும் அதிகம். ரேடியோவில் சினிமாப் பாட்டு நின்று வயலின் கேட்க ஆரம்பித்தால் வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்புத் துணியைக் குத்திக்கொண்டு தயாராகிவிடுவார். ஜனங்கள் ரேடியோவைவிட அவர் முகத்தைத்தான் நம்பினார்கள். அவர் கண் சிவந்திருந்தால் செய்தி உறுதி. உடனே ஷட்டர்கள் இறங்கும். துக்கம் மெதுவாகத்தான் வரும், கல் முதலிலேயே வந்துவிடும் என்பது கடைக்காரர்களின் அனுபவம்.

அவர் மனைவி தங்கம்மாளுக்கு இந்தப் புகழில் பெரிய மரியாதை கிடையாது. கூட்டத்துக்கு அவளும் வருவாள். பெண்கள் பக்கம் கடைசியில் நின்று கேட்டுவிட்டு, அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய் வெந்நீர் வைப்பாள். "வந்துட்டேன்" என்று வாசலில் அவர் குரல் கொடுத்தால், தொண்டைக்கு இதமாக ஒரு லோட்டா வெந்நீர் வரும். கூடவே ஒரு விமரிசனமும் வரும். "உசிரோட இருக்கிறவங்களப் பத்தி நீங்க ஒரு நல்ல வார்த்த பேசி நான் கேட்டதே இல்ல" என்று ஒருநாள் சொன்னாள். அவர் அதைப் பாராட்டு என்றே நினைத்தார்.

எண்பதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு தங்கம்மாள் இறந்துபோனாள்.

சுடுகாட்டில் எல்லோரும் கோதண்டராமனைப் பார்த்தார்கள். இத்தனை பேருக்குப் பேசியவர், சொந்த மனைவிக்கு எப்படிப் பேசப்போகிறார் என்று கேட்பதற்காகவே சிலர் மழையில் வந்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வட்டச் செயலாளர் சக்கரபாணி முன்னால் வந்தான். கோதண்டராமனின் கூட்டம் ஒன்றைக்கூட விடாமல் கேட்டு வளர்ந்தவன். "அன்னாரது மறைவு ஈடு செய்ய இயலாத இழப்பு" என்று தொடங்கி, 'இழப்பு' வந்ததும் தொண்டையைக் கம்மிக்கொண்டான். யானைக்குச் சொன்ன வாக்கியமும் நடுவில் வந்தது. மண்டிக்காரருக்கும் யானைக்கும் பொருந்திய வார்த்தைகள் தங்கம்மாளுக்கும் அளவாகப் பொருந்துவதைக் கோதண்டராமன் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வரவில்லை. பதினாறாம் நாளும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

தங்கம்மாளின் தங்கை திரௌபதி அடுத்த தெருவில்தான் இருந்தாள். வீடு பெருக்க வந்தவள் ஒருநாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள். "ஊருக்கெல்லாம் அழுதீங்களே மாமா. எங்க அக்காவுக்கு ஒரு சொட்டு வரலியா?"

அவரும் அதைத்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். நடித்து நடித்து அழுகையே தீர்ந்துபோய்விட்டதோ என்று பயந்தார். கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார். ஆனால் ஆபீசிலிருந்து திரும்பியதும் பூட்டைத் திறந்துகொண்டே "வந்துட்டேன்" என்று சொல்கிற பழக்கம் மட்டும் விடவில்லை.

அப்போது மெட்ராஸில் ஒரு பெரிய தலைவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் சக்கரபாணியின் கட்சித் தலைவர். ஊர் ஒரு காதை ரேடியோவில் வைத்துக்கொண்டே தூங்கியது. அந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தேரடி வீதியில் ஜானி பாஷா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். டி.வி.யும் வாங்கி, கூரைமேல் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டியிருந்தார். ஞாயிறு சாயந்திரம் தமிழ்ப் படத்துக்குக் கடை வாசலில் கூட்டம் நிரம்பிவிடும். வீட்டில் தனியாக இருக்க முடியாமல் கோதண்டராமனும் வந்தார். "வாங்க சார், குந்துங்க" என்று ஜானி பாஷா உள்ளே நாற்காலி போட்டார்.

அன்று படம் வரவில்லை. ஏதோ ஒரு ஐரோப்பிய நாட்டு மந்திரி டெல்லிக்கு வந்திருந்தாராம். அவரைக் கௌரவிக்க அந்த நாட்டின் முந்நூறு வருஷத்துப் பாட்டு நாடகத்தைப் போடுகிறார்கள் என்று ஒரு பெண் இங்கிலீஷில் சொன்னாள். போருக்குப் போன ராஜா திரும்பி வருகிறான், ராணி செத்துப்போயிருக்கிறாள், சபையோர் ராஜாவைப் பேசச் சொல்கிறார்கள், இதுதான் கதை என்றாள். இங்கிலீஷ் புரிந்த கோதண்டராமனுக்கு மட்டும் இந்தச் செய்தி கிடைத்தது. மற்றவர்களுக்குப் படம் மட்டும்தான்.

நாடகம் என்றார்களே தவிர, திரை இல்லை, அரண்மனை இல்லை, கிரீடம்கூட இல்லை. வாத்தியக்காரர்கள் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், வீணையைப் பெட்டியில் போட்டு மூடி அதன்மேல் டைப் அடிப்பதுபோல் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பாடுகிறவர்கள் எல்லோரும் கறுப்பு உடையில், கையில் காகிதத்தோடு வரிசையாக நின்றார்கள். நடிப்பை அவர்கள் செய்யவில்லை. அதற்கென்று வெறுங்காலோடு, வெள்ளை உடுத்திய ஆட்டக்காரர்கள் தனியாக இருந்தார்கள். வாசலில் இருந்தவர்களுக்கு இது நன்றாகப் பழகிய காட்சியாகத் தெரிந்தது. கறுப்பு உடை, கையில் காகிதம், எழுந்து நிற்பது. இரங்கல் தீர்மானம் வாசிக்கப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

தாடி வைத்த ஆள் ஒருவர் முன்னால் வந்தார். அவர்தான் ராஜாவுக்குப் பாடுகிறவர். வாயைத் திறந்ததும் பெண்குரல் வந்தது. ஜானி பாஷா பதறி எழுந்து குமிழைத் திருகினார், பெட்டியைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். தாடிக்காரர் பெண்குரலிலேயே தொடர்ந்தார். "செட்டு நல்லாத்தாங்க கீது, ஆளுதான் அப்பிடி" என்று ஜானி பாஷா கடையின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்.

ராஜா ஒரே வரியைத்தான் பாடினான். நான் வந்துவிட்டேன் என்பது அதன் அர்த்தம் என்று அந்த இங்கிலீஷ் பெண் முன்பே சொல்லியிருந்தாள். அதையே இழுத்தான், மடித்தான், முதலிலிருந்து மறுபடி தொடங்கினான். கோதண்டராமன் தொழில்முறையில் எடைபோட்டார். ஒரே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிறவன் தயாரிக்காமல் வந்தவன். அடுத்த வாக்கியம் எப்போது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

ஆட்டக்காரி ஒருத்தி மேடையின் மறுபக்கம் நுழைந்தாள். அவள்தான் இறந்துபோன ராணி. கையில் ஒரு கிண்ணத்தை ஏந்தி வந்து ராஜாவின் முன்னால் வைத்தாள். அவன் அவளைப் பார்க்காமல் நான் வந்துவிட்டேன் என்று பாடினான். அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி பாடினான், மறுபடி கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் நடை தளர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் பாதி வழியிலேயே கிண்ணத்தை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். அவன் அப்போதும் வந்துவிட்டேன் என்றுதான் பாடிக்கொண்டிருந்தான்.

கோதண்டராமனின் கன்னத்தில் ஏதோ ஓடியது. பிறகு தோள் குலுங்கியது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டார்.

படம் பார்க்க வந்த சக்கரபாணி அப்போதுதான் கடைக்குள் தலையை நீட்டினான். டி.வி.யில் கறுப்பு உடை, இழுவையான வயலின். நாற்காலியில் குலுங்கிக் குலுங்கி அழுகிற கோதண்டராமன். அவன் முகம் வெளிறியது. "சார், இன்னா சார்? தலைவரா?" என்றான். அவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை. பதில் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய சாவு என்று முடிவு செய்து சக்கரபாணி ஓடினான்.

அடுத்த நாடகம் வீதியில் நடந்தது. தேரடியில் ஆரம்பித்த ஷட்டர் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை போயிற்று. கொதித்த பாலோடு டீக்கடைகள் மூடின. புறப்பட்ட பஸ்கள் பயணிகளை இறக்கிவிட்டு ஓரங்கட்டின. செங்கம் ரோட்டு ஆசிரமத்துப் பக்கமிருந்து வாழைப்பழம் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரர், ஊரே மௌன விரதம் என்று நினைத்து, பூட்டிய கடையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மைக் செட் வந்தது. கறுப்புக் கொடி வந்தது. ஜானி பாஷா கடை வாசலிலேயே நாற்காலி போட்டு, அதில் தலைவர் படத்தைச் சாய்த்து, பெரிய மாலை சாத்தி விளக்கும் ஏற்றினான் சக்கரபாணி.

அந்த நேரத்தில்தான் வேலூர்க் கட்சி ஆபீசிலிருந்து போன் வந்தது. தலைவர் சாயந்திரம் இட்லி சாப்பிட்டார், நன்றாக இருக்கிறார்.

கூட்டம் அப்படியே நின்றது. உயிரோடு இருக்கிற தலைவருக்கு மாலை போட்டு விளக்கேற்றியாயிற்று. விளக்கை ஊதி அணைப்பது அதைவிட அபசகுனம். மாலையைக் கழற்றப் போகிற கை யாருடையது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சக்கரபாணிக்குப் பதவி போவது கண்முன் தெரிந்தது. கடைக்குள் பாய்ந்தான்.

"நீங்க அழுதத நம்பித்தான் சார் ஊரையே மூடினேன். யாருக்கு சார் அழுதீங்க?"

வாசலில் ஊரே எட்டிப் பார்த்தது. கண்ணில் தூசி என்று சொல்லியிருக்கலாம். நாட்டின் நிலைமையை நினைத்து என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அவருக்கு வராத வாக்கியமில்லை.

"தங்கம்மாவுக்கு" என்றார்.

சக்கரபாணிதான் முதலில் தெளிந்தான். அவனுக்கு அவசரமாக ஒரு சாவு தேவைப்பட்டது, அது கிடைத்துவிட்டது. தலைவர் படத்தை மாலையிலிருந்து உருவி, துண்டில் சுற்றி ஜானி பாஷாவிடம் கொடுத்தான். வெறும் நாற்காலியில் மாலை மட்டும் கிடந்தது. மைக்கைப் பிடித்து, "தங்கம்மாள் அம்மையாரின் மறைவு ஈடு செய்ய..." என்று தொடங்கினான்.

"அத வுடு, சக்கரபாணி." கோதண்டராமன் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். மேடைத் தமிழ் ஒன்றும் வரவில்லை.

"தங்கம்மா என் சம்சாரம். தியாகி எல்லாம் ஒண்ணும் கிடையாது. கோவக்காரி. உப்பு ஜாஸ்தின்னு சொன்னா மறுநாள் உப்பே இல்லாம வெப்பா. நான் பேசறது அவளுக்குப் பிடிக்காது. வீட்டுக்குப் போயி இன்னும் வந்துட்டேன்னு சொல்றேன். யாரும் வரல."

அவ்வளவுதான். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே வாய்விட்டு அழுதார். அது வீதி முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. இரங்கல் கூட்டமானாலும் நல்ல வாக்கியத்துக்குக் கைதட்டுவது அந்த ஊர் வழக்கம். அன்று யாரும் தட்டவில்லை. சத்தம் கேட்டு வந்த திரௌபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தாள். "வாங்க மாமா, வீட்டுக்குப் போலாம்."

கடையடைப்பும் கறுப்புக் கொடியும் கட்சியின் தூணான தங்கம்மாளுக்காக என்று சக்கரபாணி மேலிடத்துக்குச் சொல்லிப் பதவியைக் காப்பாற்றிக்கொண்டான். அவள் ஒரு தேர்தலிலும் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை.

அடுத்த மாதம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் காலமானார். கூப்பிட்டார்கள் என்று கோதண்டராமன் போனார். மேடை ஏறாமல், சாவு வீட்டுப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இறந்தவரின் மூத்த மகன் வாசல் வரை வந்தான்.

"பேசறதுக்குத்தான் சார் கூப்டோம். அழறதுக்கு வீட்லயே ஆளுங்க கீறாங்க."

"இருக்கட்டும்ப்பா, நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். சக்கரபாணிக்கு ஆள் அனுப்பினார்கள்.