வெளுக்காத முகம்

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து வேலையைப் பார்க்கப் போகிறவள் நான். நீங்களும் இதை நம்பவேண்டியதில்லை. வேறொருவர் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன். ஆனால் இது கிளிநொச்சிக் கடைத்தெருவில், வெயில் கொளுத்தும் நண்பகலில், பக்கத்துக் கடையில் யாரோ தேங்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

அங்கே எனக்கொரு ஸ்ரூடியோ இருக்கிறது. கலியாணப் பேச்சுக்குப் படம் எடுக்க வரும் பெண்களின் முகத்தைக் கணினியில் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். யாரும் கேட்பதில்லை, செய்யாமல் விட்டால்தான் கேட்பார்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் சுகந்தி ஒருநாள் ஒரு பொட்காஸ்டை அனுப்பியிருந்தாள். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் இருவர் வாரந்தோறும் பேசுவது.

"உந்தக் கறுப்பியளின்ர கதையைக் கேட்டு நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"நீ என்ன வெள்ளைக்காரியே? கண்ணாடியைப் பாத்திட்டுக் கதையடி!" என்று சிரித்தாள்.

ஆங்கிலமாவது பழகலாம் என்றுதான் கேட்கத் தொடங்கினேன். முதலில் பாதி விளங்கவில்லை. பிறகு ஒருநாள், சிறுவயதில் தான் வெயிலில் விளையாடப் போனால், "இன்னும் கறுத்துப்போவாய்" என்று பெரியம்மா உள்ளே இழுத்துவிடுவார் என அவர்களில் மூத்தவள் சொன்னபோது, எங்கள் வீட்டு முற்றத்திலிருந்தே பேசுகிறாளோ என்றிருந்தது. அதன்பின் விடவில்லை. அவர்கள் பெயர் சொன்ன வேறு பெண்களையும் ஒருவர்பின் ஒருவராகத் தேடிக் கேட்டேன். காதில் அவர்கள் பேச்சு. கையில் வெளுப்பாக்கும் வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

அந்நாட்களில் ஒருநாள் காலையில்தான் அக்கராயனிலிருந்து யோகம்மா வந்தார். கையில் மகளின் பாடசாலை அடையாள அட்டை. கடைசிச் சண்டையில் காணாமற்போன மகளுக்கு வேறு படமே இல்லை. இருந்த அந்தச் சிறு படத்திலும் பாடசாலையின் ஊதா முத்திரை தாடையை மூடியிருந்தது.

"பெரிசாக்கித் தாங்கோ பிள்ளை. மாலை கீலை ஒண்டும் போட்டுடாதேங்கோ, அவள் இல்லையெண்டு ஆர் கண்டது? முகத்திலையும் கை வையாதேங்கோ. ரெண்டு கடையில குடுத்துப் பாத்திட்டன், ஆரோ வேற வீட்டுப் பிள்ளையைத் தந்து விட்டிருக்கிறாங்கள்."

"ஓம் அம்மா," என்றேன். அந்தக் கடைக்காரர்கள் அளவு தெரியாமல் வெளுப்பாக்கியிருப்பார்கள், நான் பக்குவமாகச் செய்தால் மகிழ்ந்துதான் போவார் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன்.

அன்று நண்பகல், காதில் அந்தப் பெண்களில் இளையவள் தன் இறந்துபோன தங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இறுதிச் சடங்குக்கு வைத்த படத்தில் தங்கையின் நிறத்தை யாரோ மாற்றிவிட்டார்களாம். இது யாருடைய பிள்ளை என்று தாய் கேட்டாராம். எனக்குக் கண் கலங்கியது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுகையால் யோகம்மாவின் மகளை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தேன். முத்திரையையும் அழித்து, அந்த இடத்தை வழுவழுப்பான தோலால் நிரப்பினேன்.

அப்போது காதுக்குள், ஒரு சிறுபெண்ணின் குரலில், நம் ஊர்த் தமிழில் கேட்டது: "அக்கா, அது நானில்லை."

காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தேன். சற்றுப் பொறுத்து, பேச்சின் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்த இளைய பெண்ணின் பேச்சு இடையறாமல் ஓடியது. வேறொன்றும் இல்லை. களைப்பு என்று சொல்லிக்கொண்டு படத்தை அச்சிட்டேன். திரையில் வெளுத்த முகம். தாளில் வந்தது கறுத்த முகம். இயந்திரத்தில் கோளாறோ என்று ஒரு மணப்பெண்ணின் படத்தை அச்சிட்டுப் பார்த்தேன். அது நான் வெளுப்பாக்கியபடியே வந்தது. அந்த நேரத்தில் யோகம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். விரலால் தாடையைத் தடவினார்.

"இதுதானே அவள்! சைக்கிளால விழுந்த தழும்பைக்கூட விட்டு வைச்சிருக்கிறியள். உங்களுக்குத்தான் பிள்ளை என்ர சொல் ஏறியிருக்கு."

நான் செய்யவில்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தலையைத்தான் ஆட்டினேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் வயதுக்கு என்னைக் கும்பிட்டிருக்கக் கூடாது.

இப்போது, வவுனியாவிலிருக்கும் தன் மகனுக்கு அதேபோல் இன்னொரு படம் வேண்டுமென்று அட்டையைத் திரும்பவும் கொண்டுவந்து தந்திருக்கிறார். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிட்டேன். தாடையில் ஊதா மை மட்டுமே இருக்கிறது, தழும்பு இல்லை. கணினியிலுள்ள படத்திலும் இல்லை. அதை அச்சிட்டால் இப்போது வெளுத்துத்தான் வருகிறது, தாடை வழுவழுவென்று. அவர் வீட்டுச் சுவரிலுள்ள படத்தை வாங்கிப் பிரதி எடுக்கலாம். ஆனால் அந்த முகத்தை மறுபடி என் கணினிக்குள் கொண்டுவர எனக்குத் துணிவில்லை.

"மெசின் பழுது அம்மா," என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

"அவசரமில்லை பிள்ளை," என்கிறார் யோகம்மா. "நீங்கள் செய்தால்தான் அவள் அவளா வருவாள்."