சபைனா கில்பேன், விருந்தாளி

கோடை வந்தால் எங்கள் பக்கம் செத்தவர்களைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்து, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் போட்டுப் பாசி சுரண்டுவார்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்துவிட்டால் அன்று மதுக்கடையில் எல்லோருக்கும் ஒரு சுற்று அவர்கள் செலவு. எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல். உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்களையே எனக்குச் சமாளிக்க முடியவில்லை. அதனால் பக்கத்து வீட்டு டீலியா ஹெரட்டியும் அந்தப் பைத்தியத்தில் விழுந்தபோது நான் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"உனக்கென்ன வந்துச்சு டீலியா? உங்கம்மா எங்க பொறந்தாங்கன்னு உனக்குத் தெரியாதா? கார்ல அரை மணி நேரம்."

"எனக்குத் தெரியும் மார்ட்டின். அந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியலையாம்" என்றாள்.

டீலியா வெஸ்ட்போர்ட்டில் ஒரு ஹோட்டலின் துணி அறையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவள். யாரோ படுத்து எழுந்த படுக்கை விரிப்புகளை மடித்தே கை காய்த்துப் போனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருத்தன் கேட்டானாம், அவன் காதுக்குள் முடி இருந்ததாம். பூசையில் பாதிரியார் பிரசங்கத்தை இழுத்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து சத்தமாக இருமுவாள். யாருக்கும் பயப்படாத பெண். அம்மா சபைனா சாகும்வரை அவரோடுதான் இருந்தாள்.

சபைனாவைச் சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். சொந்த வீட்டுக்குள் நுழையும்போதும் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவார். நாற்காலியில் உட்காருமுன், "உட்காரலாமா?" என்று யாரையாவது கேட்பார். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் கேட்பார், ஜன்னல் வழியாக நானே பார்த்திருக்கிறேன். குளிர்காலத்திலும் அடுப்புப் பக்கம் போய் உட்காரமாட்டார். என்ன மரியாதை, என்ன அடக்கம் என்று ஊரே மெச்சியது. என் தாயார் எங்களைத் திட்டும்போதெல்லாம், "சபைனாவைப் பார்த்துக் கத்துக்கோங்கடா" என்பார்.

அந்த அம்மாள் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. சாகும்போது, "எங்க வீட்டுக் கல்லுல என் பேரைப் போடச் சொல்லும்மா" என்றார். உடம்பு புருஷனோடு வெஸ்ட்போர்ட்டில் கிடந்தால் போதும். எங்கள் பக்கம் அப்படித்தான். கடல் தாண்டிப் போய்ச் செத்தவர்களின் பெயரையும் ஊரில் இருக்கிற குடும்பக் கல்லில் பொறிப்போம், எலும்பு எங்கே கிடந்தாலும் சரி. ஆனால் அப்போது கில்பேன் குடும்பத்துக்குக் கல்லே இல்லை, மக்கிப்போன மரச்சிலுவைதான். வருஷங்கள் ஓடின. பிறகு சபைனாவின் அண்ணன் மகன் பாட்ஸி கில்பேன் கறுப்புக் கிரானைட்டில் பெரிய கல் ஒன்றை நட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு டீலியா என் காரில் ஏறினாள்.

கல் பளபளவென்று இருந்தது. மேலே ஆஸ்டின், அவர் மனைவி ஹோனர். கீழே பிள்ளைகள், பிறந்த வரிசைப்படி. கிளீவ்லாந்தில் போய்ச் செத்த இரண்டு பேர்கூட இருந்தார்கள். சபைனா இல்லை. ஆனால் பிரிட்ஜெட்டுக்கும் ஆன்டனிக்கும் நடுவில் ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"பாத்தியா, இடம் விட்டிருக்கான்" என்றாள் டீலியா. சின்னப் பிள்ளை மாதிரி அந்த வெறும் வரியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

அங்கிருந்தே பாட்ஸிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அவர் கத்தியது எனக்கே கேட்டது. "எங்க வீட்டு சபைனா சின்ன வயசுலயே போயிட்டா. உங்கம்மா யாரோ எனக்குத் தெரியாது." போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகுதான் டீலியா பழைய பதிவுகளில் இறங்கினாள். நகர நூலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்காருவாள், நான் பக்கத்தில் குதிரைப் பந்தயச் செய்தி படிப்பேன். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவு லத்தீனில், கோழி கிளறின மாதிரி கையெழுத்தில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் தேடி, கடைசியில் கண்டுபிடித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு, பிப்ரவரி. ஆஸ்டினுக்கும் ஹோனருக்கும் மகள், சபைனா. அப்படியொரு குழந்தை செத்ததாக எந்தப் பதிவிலும் இல்லை.

"செத்ததுக்கு ஆதாரம் காட்டச் சொல்லு அந்தக் கெழவனை" என்றேன். எனக்கே இப்போது ஆர்வம் வந்துவிட்டது.

"இரு, தொள்ளாயிரத்துப் பதினொண்ணாம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கையும் பாத்துடலாம். அம்மாவுக்கு அப்ப ஒம்பது வயசு. அந்தத் தாளோட போய் அவன் வாசல்ல நிப்பேன்."

தாள் திரையில் வந்தது. ஆஸ்டின், குடும்பத் தலைவர். ஹோனர், மனைவி. பிறகு மகன், மகள், மகன் என்று வரிசை. கடைசி வரியில் இருந்தாள். சபைனா கில்பேன், வயது ஒன்பது, இதே ஊரில் பிறந்தவள். தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில், விருந்தாளி என்று எழுதியிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். "ஆஸ்டினுக்கு எழுதத் தெரியாது, சிலுவைக்குறிதான் போட்டிருக்கார். எழுதினவன் கணக்கெடுக்க வந்த போலீஸ்காரன். குடிச்சிட்டு எழுதியிருப்பான்."

டீலியா சிரிக்கவில்லை. ஹோனரின் பெயருக்கு நேரே விரலை வைத்தாள். உயிரோடு பிறந்த பிள்ளைகள் ஏழு. இப்போது உயிரோடு இருப்பவர்கள் ஆறு.

"ஒரு எடத்துல தப்புன்னா சரி மார்ட்டின். ரெண்டு எடத்துலயும் ஒரே தப்பு எப்படி வரும்?"

மேலே செத்துப்போனதாகக் கணக்கில் சொன்ன பிள்ளை, அதே தாளின் கடைசி வரியில் ஒன்பது வயதோடு இருந்தது. எங்கள் வயதுக்காரர்கள் யாராக இருந்தாலும் அந்தத் தாளைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். அந்தக் காலத்தில் நல்லாயிருந்த பிள்ளை திடீரென்று இளைத்து, பேச்சு குறைந்து, ஆளே மாறிவிட்டால், அது நம் பிள்ளை இல்லை என்பார்கள். முள்மர மேடுகளுக்கு அடியில் வாழ்கிற 'அந்த ஜனங்கள்' பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள், அதே முகத்தில் தங்களில் ஒன்றை விட்டுப் போயிருக்கிறார்கள் என்பார்கள். அவர்களுக்கு வேறு பெயர் உண்டு, நாங்கள் சொல்லமாட்டோம். இதையெல்லாம் யாரும் இப்போது நம்புவதில்லை. ஆனால் முள்மரம் நிற்கிற மேட்டை என் நிலத்தில் நான் இன்னும் உழவில்லை.

டீலியா கோட்டை மாட்டிக்கொண்டாள். "வண்டிய எடு" என்றாள்.

பாட்ஸி கதவைத் திறந்தார். எழுபத்தைந்து தாண்டியவர், பருத்த உடம்பு. டீலியாவைப் பார்த்ததும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. அதில் டீலியா நின்றுகொண்டிருந்தாள். அதே புருவம், அதே சப்பை மோவாய், பிரசங்கத்தில் இருமப் போகிற அதே வாய். பழங்காலச் சால்வையைப் போர்த்தியிருந்ததுதான் வித்தியாசம்.

"அது ஹோனரா?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டி" என்றார் பாட்ஸி.

"அப்புறம் என்னய்யா? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு? அச்சு அசல் இவ முகம்!"

"வேற எந்த முகத்துல வரும்?" என்றார் அவர் அமைதியாக. "அந்த முகத்துலதானே அதுங்க வரும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன். டீலியா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே போய்த் தானாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவை என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலை. கை வைக்கலை, பட்டினி போடலை. அப்படி ஒருத்தரும் சொல்ல முடியாது." பாட்ஸி எதிரில் உட்கார்ந்தார். "நாலு வயசுல காய்ச்சல் வந்துச்சாம். காய்ச்சல் விட்டும் ரொம்ப நாள் பேச்சில்ல. அப்புறம் ஒரு நாள் வாயத் திறந்து, 'கொஞ்சம் பால் தரீங்களா?'ன்னு கேட்டுச்சாம். பாட்டி சொல்லிடுச்சு. 'என் பொண்ணு கேட்டு வாங்கமாட்டா, எடுத்துக்குவா. இது எம் பொண்ணு இல்ல'ன்னு. அன்னையிலேருந்து அது எல்லாத்தையும் கேட்டுத்தான் வாங்கும். உள்ள வரணும்னா கதவத் தட்டும். வந்தவங்களுக்கு உருளைக்கிழங்கு வைக்கிற மாதிரி தனித் தட்டுல வைப்பாங்க. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதான். அந்தப் பேர் பாட்டியோட சொந்தப் பொண்ணோடதாச்சே."

நவம்பர் பிறக்கிற சாயங்காலம் 'அந்த ஜனங்கள்' வெளியே வருவார்கள் என்பது நம்பிக்கை. அன்று மட்டும் அந்தப் பிள்ளையை முற்றத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைப்பார்களாம், கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு. தன் பிள்ளை திரும்பி வருமென்று. விடிந்ததும் ஹோனர் வந்து முற்றத்தில் இருக்கிற முகத்தை உற்றுப் பார்ப்பாராம். "இன்னும் நீதானா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாராம். பதினாறு வயதில் ஒரு விடியலில் முக்காலி மட்டும் இருந்தது. சபைனா அதற்குள் வெஸ்ட்போர்ட் பாதையில் பாதித் தூரம் போயிருப்பார்.

"அப்புறம் எங்கம்மா இங்க வரவே இல்லையா?"

"வந்துச்சு, ஒரு தடவை. எனக்கு ஏழு வயசு, நான் இங்கதான் இருந்தேன்." பாட்ஸி தரையைப் பார்த்தார். "வாசல்ல நின்னுக்கிட்டு, 'உள்ள வரலாமா?'ன்னு கேட்டுச்சு. இடுப்புல கைக்குழந்தை. நீதான் அது. பெத்தவளுக்குப் பேரப்பிள்ளையக் காட்டினா மனசு எறங்கும்னு வந்திருக்கும்போல. பாட்டி உங்கம்மாவ ஏறெடுத்தும் பாக்கலை. உன்னைத்தான் பாத்துச்சு. ரெண்டு கையாலயும் உன்னை வாங்கிக்கிச்சு. 'வந்துட்டியா சபைனா, எவ்வளவு நாளாச்சு'ன்னு உங்கிட்ட பேசுச்சு. அப்புறம் உங்கம்மாவப் பாத்து, 'கொண்டுவந்து விட்டதுக்கு நன்றிம்மா. இனி நீ போகலாம்'னுச்சு."

அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கரிமண் கட்டி ஒன்று சரிந்தது.

"உங்கம்மா கேட்டு வாங்கலை அன்னைக்கு. பிடுங்கிக்கிட்டு ஓடுச்சு. பாட்டி போட்ட சத்தம் இன்னும் எங்காதுல இருக்கு. அந்தக் குளிர்காலத்துலயே பாட்டி செத்துப்போச்சு. போறதுக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட, 'சபைனாவுக்கு எடம் வை, அவ வருவா, நான் கண்ணால பாத்துட்டேன்'னு சத்தியம் வாங்கிச்சு. கல்லு நட்டப்ப நான் அந்த வரிய விட்டேன். குழியிலயும் பாட்டி பக்கத்துல ஒரு ஆள் எடம் விட்டிருக்கோம்." அவர் தலையை நிமிர்த்தி டீலியாவைப் பார்த்தார், வெகுநாள் காணாமல் போன ஒருத்தியைப் பார்ப்பதுபோல அன்பாக. "அது உங்கம்மாவுக்கு இல்லம்மா. அது உனக்கு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டீலியா எழவில்லை.

"கல்லுல என்ன பேரு எழுதுவீங்க?"

"சபைனாதான். அதானே உன் பேரு."

"பொறந்த வருஷம்?"

"பதிவுல இருக்கறதுதான். தொள்ளாயிரத்து ரெண்டு."

"ஆஸ்டினுக்கும் ஹோனருக்கும் மகள்னு எழுதுவீங்களா?"

"பின்ன வேற என்னன்னு எழுதுவேன்?"

"சரி, எழுதுங்க" என்றாள்.

"நீ இங்க வந்து படுக்கணும். வெறும் பேர் போட மாட்டேன், அது பாட்டிய ஏமாத்தற மாதிரி."

"வர்றேன்."

காரில் நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? உங்கம்மா உன்னைப் பிடுங்கிக்கிட்டு ஓடினது அந்தக் கெழவிகிட்டேருந்து. நீயா போய் அவ பக்கத்துல படுக்கறேங்கறியே!"

"செத்தப்புறம் எனக்கென்ன மார்ட்டின், குளிரவா போகுது?" என்று சிரித்தவள், கொஞ்ச தூரம் போனதும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "மகள்னு போடறான்டா. எங்கம்மாவை மகள்னு போடறான்." அவள் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் மறைத்ததால் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

அடுத்த வாரமே கல்தச்சன் அந்த வரியைச் செதுக்கினான். டீலியா அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருந்தாள், பூசையில் இருமிக்கொண்டு, என் சமையலைப் பழித்துக்கொண்டு. ஒரு மார்ச் மாதம் தூக்கத்தில் போனாள். தாய் தகப்பன் பக்கத்தில் இடம் இருக்கும்போது ஏன் அங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஊரில் கேட்டார்கள். அவள் ஆசைப்பட்டாள் என்று மட்டும் சொன்னேன்.

அடக்கத்துக்குக் கில்பேன்காரர்கள் திரண்டு வந்திருந்தார்கள், கிளீவ்லாந்திலிருந்துகூட. துக்கத்துக்கு வந்த முகங்களாக இல்லை. ரயிலடிக்கு யாரையோ எதிர்கொள்ள வந்தவர்கள்போல, நல்ல உடுப்பில், நிம்மதியாக நின்றார்கள். பாதிரியார் புதிது, சின்ன வயசு. "எங்கள் சகோதரி டீலியாவை" என்று ஜெபத்தை ஆரம்பித்தார்.

"சபைனா" என்றார் பாட்ஸி, கைத்தடியை ஊன்றியபடி.

பாதிரியார் தடுமாறி, கையிலிருந்த தாளைப் பார்த்து, மறுபடியும் "டீலியா" என்றார். இம்முறை கில்பேன்காரர்கள் எல்லோரும் ஒன்றாக, பூசையில் பதில் சொல்வதுபோல், "சபைனா" என்றார்கள். பாதிரியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் அவளுடைய ஆள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினார். நான் ஒருவன்தான் இருந்தேன்.

"சபைனாதான் ஃபாதர்" என்றேன். "பேரைச் சத்தமா சொல்லுங்க."