கிள்ளிப் பார்த்த கை

என் அக்கா இருபது வருடம் மருத்துவமனையில் தட்டச்சு வேலை பார்த்தவள். டாக்டர்கள் அவசர அவசரமாகப் பேசிப் பதிந்துவிட்டுப் போவதை ஹெட்போனில் கேட்டு, ஆங்கிலத்தில் அறிக்கையாக அடித்துக் கொடுப்பாள். நோயாளியின் நினைவு மங்குவதற்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு வார்த்தைகள் இருக்கின்றனவாம். நமக்கு எல்லாம் ஒரே மயக்கம். டாக்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் விடமாட்டாள். நேரே வார்டுக்குப் போன் போடுவாள்.

"கூப்பிட்டா கண்ணத் தொறக்கறாரா? அப்ப லெதார்ஜி. கிள்ளினாத்தான் அசையறாரா? அது ஸ்டூப்பர். கிள்ளினாலும் ஒண்ணுமில்லையா? அதுதான் கோமா. எதுன்னு கேட்டுச் சொல்லுங்க, அப்பறம் அடிக்கறேன்."

டாக்டர்கள் அவளுக்கு 'அகராதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அகராதி பிடித்தவள்தான், நான் மறுக்கவில்லை.

பிறகு மாமா, அதாவது அவள் கணவர், குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. மூன்றாம் நாள் டாக்டர் எங்களை வராந்தாவில் நிறுத்தி, "கோமா" என்றார்.

"இல்ல டாக்டர். இப்பத்தான் கிள்ளினேன், முகத்தச் சுளிச்சார். ஸ்டூப்பர்னு எழுதுங்க."

அவர் போய்ப் பார்த்துவிட்டு மாற்றி எழுதினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு அதே வேலையாகிவிட்டது. வந்ததும் கிள்ளுவாள், மதியம் கிள்ளுவாள், கிளம்பும்போது கிள்ளுவாள். இடது கையின் உட்புறம். நெற்றி லேசாகச் சுருங்கினால் போதும், பரீட்சையில் பாஸானவள்போல் என்னைப் பார்ப்பாள்.

"விடுக்கா, பாவம், வலிக்கும்."

"வலிக்கணும்டி. வலிச்சாத்தான் இருக்கார்னு அர்த்தம்."

எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் கிள்ளும்போதெல்லாம் நானும் அந்த நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் மதியம் நெற்றி அசையவில்லை. பலமாகக் கிள்ளினாள். அவர் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்தினாள். நான் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் காலை மாமா போய்விட்டார்.

உடம்பைத் துடைக்க வந்த புது நர்ஸ் இடது கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். முழங்கை வரை கருநீலத் திட்டுகள்.

"யாரு இப்படிப் பண்ணினது?" என்று அதட்டினாள்.

"நான்தான்," என்றாள் அக்கா. அந்தக் கையை வாங்கி மடியில் வைத்து, மெல்லத் தடவிக் கொடுத்தாள். அவர் விழுந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கிள்ளினது தெரிஞ்சவருக்கு, இப்படித் தடவியிருந்தா அதுவும் தெரிஞ்சிருக்கும் இல்லடி?"