இரண்டு மூளைப் பெட்டிக்கு ஒரு பவர் சப்ளை

"...சாவறதா இருந்தா இப்பவே செத்துப்போவட்டும், அண்ணாச்சி. நாளான்னிக்கு சாயங்காலம் சாவறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

நாகரத்னா அக்கா இப்படிச் சொன்னது மனிதர் யாரையும் பற்றி இல்லை, ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நீங்கள் அக்காவைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். கெலமங்கலத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கணக்குப் போடும்போது மட்டும் வாய்க்குள் மறுபடி கன்னடம். எறும்பு ஊர்ந்தால்கூட காலைத் தள்ளி வைக்கிற மனுஷி.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் எங்கள் தெருமுனை சலூனில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளாகத் தொடாமல் கிடந்த டிரையரை எடுத்து ஓட்டினார் கடைக்காரர். உள்ளே படிந்திருந்த தூசி சூடாகி ஒரு கருகல் வாசனை வந்தது, கூடவே காதை அடைக்கிற இரைச்சல். நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, உச்சந்தலையை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். "இருக்கறதைத்தான் சார் நான் வெட்ட முடியும், இல்லாததுக்கு என்னைப் பாத்தா எப்பிடி" என்றார். நல்ல பேச்சு. வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் நாற்காலியில் இருந்தபோது என் காதில் விழுந்தது நாகரத்னா அக்காவின் குரல்தான். அந்த வாசனையும் அந்த இரைச்சலும் சேர்ந்து வந்தால் எனக்கு ஒரே ஓர் இடம்தான். தொழிற்பேட்டையின் ஓரத்தில் லேத் பட்டறை ஒன்றின் மாடி அறை.

அங்கே நாங்கள் மூன்று பேர். அண்ணாச்சி முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பெரிய தொழிற்சாலை ஒன்றின் வார்ப்புப் பிரிவில் பல வருஷம் சூப்பர்வைசராக இருந்து, அதை விட்டுவிட்டு இந்த அறையை வாடகைக்கு எடுத்தவர். நாகரத்னா அக்கா இன்ஜினியர். நான் கல்லாவியிலிருந்து பஸ் ஏறி வந்து, டிராயிங் போடுகிற சாப்ட்வேரைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். அண்ணாச்சி பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் தாமிரபரணி ஓடும், அக்கா பேசினால் நடுநடுவே எல்லை தாண்டும், எனக்கோ 'என்னாத்துக்கு' என்று கேட்காமல் ஒரு பேச்சும் ஆரம்பிக்காது. கீழே பட்டறைக்காரர்கள் எங்கள் அறையை ரேடியோ ஸ்டேஷன் என்பார்கள்.

எங்கள் தொழிலைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வாய் கொஞ்சம் பிளந்துகொள்ளும். உருக்கிய அலுமினியத்தை ஓர் இரும்பு அச்சுக்குள் பாய்ச்சினால் அது எப்படி ஓடும், எந்த மூலையில் முதலில் உறையும், எங்கே காற்று மாட்டிக்கொண்டு ஓட்டை விழும் என்பதை, அச்சை வெட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை நான் பார்த்தபோது திரையில் சிவப்பாக ஒன்று வழிந்தோடி வந்து, மஞ்சளாகி, பச்சையாகி, ஒரு மூலையில் மட்டும் சிவப்பு பிடிவாதமாக நின்றது. "அங்கதான் தம்பி ஓட்டை விழும்" என்றார் அண்ணாச்சி. இன்னும் உருக்காத உலோகம். இன்னும் வெட்டாத அச்சு. அதில் விழப்போகிற ஓட்டையை இவர் விரலால் தொட்டுக் காட்டுகிறார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படி ஒரு கணக்கு ஓடி முடிய இரண்டு பகல், இரண்டு ராத்திரி ஆகும். சாதாரணக் கம்ப்யூட்டரில் போட்டால் வாரக் கணக்கு. அதனால் அண்ணாச்சி பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற சந்து ஒன்றிலிருந்து ஒரு சர்வர் பெட்டியைத் தூக்கி வந்திருந்தார். பெரிய கம்பெனிகளில் அலமாரித் தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைப்பார்களே, அந்த வகை. தட்டையாக, நீளமாக, பட்டுப்புடவை அட்டைப்பெட்டியை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே ஒரே போர்டில் இரண்டு பிராசஸர். இரண்டு மூளை என்பார் அண்ணாச்சி. எல்லாம் இருந்தது, பவர் சப்ளை மட்டும் இல்லை. அதற்கு உரிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது, அவ்வளவுதான்.

அதனாலென்ன, கரண்ட் கொடுக்கிற டப்பாதானே என்று நினைத்தவர்களில் முதல் ஆள் நான். மேஜைக் கம்ப்யூட்டருக்குப் போடுகிற பவர் சப்ளை ஒன்றை வாங்கி வந்தேன். அது அந்தத் தட்டைப் பெட்டிக்குள் போகவில்லை, உயரம் இடித்தது. சரி என்று மூடியைத் திறந்தே போட்டு, சப்ளையை வெளியே என் டிபன் பாக்ஸ் மேல் உட்கார வைத்தோம். அடுத்த சிக்கல், ஒவ்வொரு பிராசஸருக்கும் தனியாக ஒரு தடித்த ஒயர் வேண்டும், இதிலோ ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதற்கு ஹார்ட் டிஸ்க் ஒயரை மாற்றிக் கொடுக்கிற இணைப்பு ஒன்றை மாட்டினேன். ஓடியது. இரண்டு மூளையும் முழுசாக வேலை செய்யத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இணைப்பின் பிளாஸ்டிக் உருகி, டிபன் பாக்ஸ் மேல் சொட்டியது. பிறகு எத்தனை தேய்த்தும் அந்தத் தழும்பு போகவில்லை, அதிலேயேதான் அப்புறமும் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

இணைப்பை மாற்றினோம், ஒயரை மாற்றினோம். ஆனாலும் கணக்குகள் பாதியில் செத்துக்கொண்டே இருந்தன. அந்தக் காலத்துக் கரண்ட் உங்களுக்கு நினைவிருக்கும், சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். அதனால் பெட்டியை யூபிஎஸ்ஸில் மாட்டினால், வயசான யூபிஎஸ் வெயிலில் சூடேறித் தானே படுத்துவிடும். நேர் லைனில் மாட்டினால், கரண்ட் போய்க் கீழே ஜெனரேட்டரைப் போடுவதற்குள் உயிர் போய்விடும். ஒவ்வொரு தடவையும் நாகரத்னா அக்கா நாள் கணக்கில் கட்டிக் கொடுத்த கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அவர் கத்தமாட்டார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்காருவார். அதைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

அப்போதுதான் கிருஷ்ணகிரி ரோட்டிலிருக்கிற ஒரு வார்ப்பட ஆலை, பம்பு உறை ஒன்றின் அச்சை வெட்டுவதற்கு முன்னால் எங்களிடம் கேட்டது. வெள்ளிக்கிழமை காலையில் முடிவு கையில் இருந்தால் இதுவும் இனி வருவதெல்லாமும் எங்களுக்கு, இல்லாவிட்டால் பெங்களூர் ஆட்களுக்கு. அண்ணாச்சியின் பழைய மேனேஜரும் அதே வாரத்தில் கூப்பிட்டு, நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அண்ணாச்சி எங்களிடம் மறைக்கவில்லை. "இது போச்சுன்னா திங்கக்கெழம நான் ஷிப்ட்டுக்குப் போயிருவேன். ஒங்க ரெண்டு பேருக்கும் எங்கனயாவது சொல்லி வைக்கேன்" என்றார். சொல்லிவிட்டு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயின் ருசி எனக்கு ஞாபகமே இல்லை.

மறுநாள் காலையில், அந்தப் பெட்டிக்கே உரிய பவர் சப்ளையைத் தேடி அவரும் நானும் பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். அதே பழைய கம்ப்யூட்டர் சந்தில் கடைக்காரர் எங்கள் முன்னால் இரண்டு வகை வைத்தார். இரண்டுமே ஜோடி சப்ளை. ஒரு கூட்டுக்குள் இரண்டு டப்பா, பின்பக்கம் ஆளுக்கொரு கைப்பிடி, ஆளுக்கொரு ஒயர். முதல் ஜோடி பளபளவென்று சத்தமில்லாமல் இருந்தது, ஒவ்வொன்றும் நானூறு வாட். இரண்டாவது ஜோடி அழுக்காக, நீளமாக, ஓட்டிக் காட்டியபோது மாவு மில் மாதிரி அலறியது, ஒவ்வொன்றும் எழுநூற்றுச் சொச்சம். எனக்கு முதல் ஜோடிமேல்தான் ஆசை. நானூறும் நானூறும் எண்ணூறு, ஆனைக்கே பத்தும் என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன்.

அண்ணாச்சி கேட்டார்: "இதுல ஒண்ணு படுத்துட்டா?"

"படுக்காது சார், கம்பெனி மால்."

"படுக்காதுன்னா பெறவு எதுக்குய்யா ரெண்டு?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் சேந்து தூக்குறதுக்கு இல்ல தம்பி ரெண்டு பேரு. ஒருத்தன் விழுந்தா மத்தவன் ஒத்தையில தூக்கணும்லா, அதுக்கு" என்றார். அங்கேயே நின்று கூட்டினோம். பிராசஸர் இரண்டு, மெமரி, டிஸ்க், போர்டு. நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது, உள்ளே வரிசையாக நிற்கிற காற்றாடிகளை யார் கூட்டுவார்கள் என்று கேட்டார். அதையும் சேர்த்தால் நானூறைத் தாண்டிவிட்டது. அழுக்கு ஜோடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். கண்டக்டர் என்னவென்று கேட்டதற்கு, "வீட்டுல ரெண்டு மூளை சாப்பாட்டுக்குக் காத்திருக்கு" என்று மட்டும் சொன்னார் அண்ணாச்சி.

பெட்டிக்குள் அது சொந்த வீடு மாதிரி போய் உட்கார்ந்தது. தடித்த ஒயரும் இரண்டு இருந்தது. ஒரு டப்பாவை யூபிஎஸ்ஸிலும் இன்னொன்றை நேர் லைனிலும் மாட்டினோம். கரண்ட் போனால் யூபிஎஸ் பக்கம் தூக்கும், யூபிஎஸ் படுத்தால் லைன் பக்கம் தூக்கும். ஏட்டில் சரி. அக்கா கணக்கைத் தொடங்கினார். இரண்டு மூளைக்கும் சூடு ஏற ஏற, கருகிய தூசி வாசனை அறை முழுக்கப் பரவியது. அப்போதுதான், நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சை அக்கா பேசினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டப்பாவைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஓடிட்டு இருக்கதுல போயி கை வைக்கேங்கியேம்மா. சும்மா இருக்கும்போது புடுங்கிப் பாத்திருக்கலாம்லா."

"சும்மா இருக்கறப்ப யாரு வேணா தூக்குவாங்க, அண்ணாச்சி. பாரம் ஏறினப்புறம்தானே தெரியும். இப்ப நின்னா இன்னிக்கே வேற வழி பாக்கலாம். வியாழக்கெழம சாயங்காலம் நின்னா என்ன மாடோது?"

பதட்டத்தில் கடைசி வார்த்தை, 'பண்றது', கன்னடமாகிவிட்டது. அண்ணாச்சி, "நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், மாடிப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அக்கா யூபிஎஸ் பக்கத்து டப்பாவின் கைப்பிடியைப் பற்றி இழுத்தார். டப்பா முழங்கை நீளத்துக்கு வெளியே வந்தது. உள்ளே மிச்சமிருந்த ஒற்றை டப்பா ஓங்கி அலறியது, பச்சை விளக்கு ஒன்று செம்மஞ்சளானது, எங்கோ ஒரு பீப் ஒலி விடாமல் கத்தியது. நான் திரையைப் பார்த்தேன். எண்கள் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு வரிகூடத் தடுக்கவில்லை. அவர் கையில் கனமாக ஒரு பாதி உயிர் இருக்கிறது, அதைப் பறிகொடுத்த பெட்டியோ தன் பாட்டுக்கு அலுமினியத்தைப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறது. நான் பெரிய கோபுரங்களைப் பார்த்திருக்கிறேன், கடலைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி என்னை எதுவும் நிறுத்தி வைத்ததில்லை.

அந்த ஆபீஸ் அதற்குப் பிறகு பல வருஷம் ஓடியது. இப்போது அந்த மாடி அறையில் கூரியர் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். அண்ணாச்சி ஊரோடு போய்விட்டார், அக்கா மகளோடு மைசூரில். நான் வேறொரு கம்பெனியில் இதே வேலையைத்தான் செய்கிறேன். கணக்கைத் தொடங்க ஒரு பட்டனை அமுக்கினால் போதும், எந்த ஊரிலோ இருக்கிற வாடகைக் கம்ப்யூட்டரில் ஓடிவிட்டு வந்துவிடுகிறது. அது சூடாவது எனக்குத் தெரியாது. அதற்கு எத்தனை பவர் சப்ளை என்று நான் கேட்டால் எங்கள் ஆபீஸ் பிள்ளைகள், இவருக்கு இது எதற்கு என்று பார்க்கிறார்கள். கரண்ட் போகிற நேரமும் குறைந்துவிட்டது, போனாலும் முன்போல யாரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. கணக்கு ஓடுகிறவரை ஓர் அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த அந்த இருப்பு எங்கேயும் மிச்சமில்லை.

ஆனால் அண்ணாச்சியை நான் படியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

"ஓடுதா?" என்றார் அங்கிருந்தே, திரும்பாமல்.

அக்காதான் "ஓடுது, வாங்க" என்றார். அவர் கதவருகே வந்து, திரையைப் பார்த்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "சரிம்மா, பாத்தாச்சு. உள்ள வச்சிரு" என்றார். அக்கா டப்பாவை மெதுவாக உள்ளே தள்ளினார். பீப் நின்றது. விளக்கு பச்சையாகும்வரை காத்திருந்தார். உள்ளங்கை வேர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார்.

பிறகு, நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு டப்பாவின் கைப்பிடியைப் பற்றினார்.